மிச்ச டேப்

இதுவும் இல்லை. முதல் இரண்டு கம்பியைத் தட்டும்போதே தெரிந்துவிட்டது. 'டின் க்ராஸ்' ஆல்பத்தில் வருகிற பாட்டு, டிரம் மெஷினைப் போட்டுக் கெடுத்தது, என் வழிகாட்டியில் இதற்கு நேராக "தாண்டிப் போகவும்" என்று நானே எழுதியிருக்கிறேன், ஆனால் இன்றைக்குத் தாண்டக் கூடாது, எதையும் தாண்டக் கூடாது, வரிசையில் எது வருகிறதோ அதைக் கடைசிவரை கேட்டுத்தான் ஆகவேண்டும், இது எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம். இடது கையை அசைக்க முடியாது. முழங்கைக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று, இரண்டு ஊசி. ஒரு குழாயில் ரத்தம் வெளியே போகிறது, இன்னொன்றில் திரும்பி வருகிறது. போகிற ரத்தத்துக்கும் வருகிற ரத்தத்துக்கும் நிறத்தில் வித்தியாசம் தெரிகிறதா என்று ஆரம்பத்தில் உற்று உற்றுப் பார்ப்பேன், ஒன்றும் தெரியாது, எல்லாம் ஒரே சிவப்பு, இப்போது பார்ப்பதை விட்டுவிட்டேன். வலது கையில் போன். காதில் ரெக்ஸ் ஹாலம். எண்பது வயதுக் கிழவன், இன்னும் உயிரோடு இருக்கிறான், கிதாரை விட்டு வருஷக்கணக்காகிறது. அவன் பிற்காலத்தில் வாசித்ததையெல்லாம், வெளியே வராமல் பெட்டியில் கிடந்தது உட்பட, ஒன்று விடாமல் சேர்த்து 'தி லாஸ்ட் ஷெல்ஃப்' என்று தொகுப்பு போட்டிருக்கிறார்கள். நேற்றுத்தான் வந்தது. என்னென்ன பாட்டு என்று நேற்றே பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. போனைக் குப்புறப் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டேன். பெயர்களைப் பார்த்து என்ன ஆகப்போகிறது, நான் தேடுகிற பாட்டுக்குத்தான் பெயரே இல்லையே. காதால் கேட்டால்தான் உண்டு. அது இதில் வந்தால் சனிக்கிழமை இங்கே வருவேன். வராவிட்டால் வர மாட்டேன். டயாலிசிஸுக்கு வர மாட்டேன் என்றால் என்ன அர்த்தம் என்று இந்த ஹாலில் படுத்திருக்கிற எல்லாருக்கும் தெரியும். வெளியே பெஞ்சில் சாப்பாட்டுக் கூடையோடு உட்கார்ந்திருக்கிற என் மனைவி ரெஜினாவுக்கு மட்டும் நான் இப்படி ஒரு பந்தயம் கட்டியிருப்பது தெரியாது. பாட்டு ஒன்றைத் தேடுகிறேன் என்று காலையில் சொன்னேன், அவ்வளவுதான்.

இதைக் கேட்டால் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். பாலிடெக்னிக்கில் இன்ஜினியரிங் டிராயிங் நடத்திய மதலைமுத்து சார், கோடு ஒரு மயிரிழை தள்ளிப் போனால் தாளைக் கிழித்துக் கையில் கொடுக்கிற ஆள், உயிரைக் கொண்டுபோய் ஒரு வெள்ளைக்காரன் பாட்டில் வைத்திருக்கிறான் என்று. சிரிக்கட்டும். வேறு எதில் வைப்பது, டாக்டர் வாயிலா? அவர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு "மெயின்டெய்ன் ஆகுது" என்கிறார், பழைய ஸ்கூட்டரைச் சொல்வது போல. ஹாலமையும் இப்படித்தான் ஓடி ஓய்ந்த வண்டியாகப் பேசினார்கள். இருபத்தைந்து வயதில் உச்சியில் இருந்தவன், முப்பத்தைந்தில் குடி, நாற்பதில் கை நடுக்கம், அதோடு ஆள் முடிந்தான் என்று பத்திரிகைக்காரர்கள் பாடை கட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகும் அவன் வாசித்துக்கொண்டுதான் இருந்தான், எவனும் சீந்தவில்லை, நான் சீந்தினேன். இன்டர்நெட்டில் 'ஹாலமின் பிற்கால ஆல்பங்கள்: புதிதாக வருபவருக்கு' என்று நான் எழுதி வைத்திருக்கும் வழிகாட்டியை உலகத்தில் சில நூறு பேராவது படித்திருப்பார்கள், கீழே "முத்து, திருச்சி" என்று போட்டிருக்கும், தமிழில் எழுதினால் படிப்பதற்கு நான் ஒருத்தன்தான் மிஞ்சுவேன் என்று இங்கிலீஷில் எழுதினேன். முதல் வரியே இதுதான்: கூட்டம் கலைந்த பிறகு வாசிக்கிறவனை நம்புங்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நிஜத்தைச் சொன்னால், இப்போது இந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு வரிசையாகக் கேட்கும்போது ஒளிக்க முடியவில்லை, 'டின் க்ராஸ்' குப்பை, 'ஹாஃப் எ லான்டர்ன்' இனிமேல்தான் வரும், அது தூக்க மாத்திரை, பத்திரிகைக்காரன் சொன்னது சரி, அவன் முடிந்துதான் போயிருந்தான். ஒரே ஒரு பாட்டைத் தவிர. 'பேப்பர் ஹார்பர்' ஆல்பத்தின் கடைசியில் வருமே, பெயர் இல்லாமல், வெறும் கிதார் மட்டும், அது. அந்த ஒன்றுக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் முட்டுக்கொடுத்து நிறுத்தி வைத்திருந்தேன். ஸ்காட்லாந்துக்காரன் ஒருத்தன் எழுதினான், அப்படி ஒரு பாட்டு அந்த ஆல்பத்திலேயே கிடையாது, உங்களுக்கு எங்கே கிடைத்தது என்று. விடுவேனா, இந்தியாவில் வந்த பதிப்பில் இருந்தது, உங்கள் ஊருக்கு வரவில்லை என்றால் அது உங்கள் தலையெழுத்து என்று பதில் போட்டேன். அன்றிலிருந்து அவர்களுக்குள் அதற்கு "திருச்சிப் பாட்டு" என்றே பெயர். வழிகாட்டியில் அதற்கு மட்டும் ஒரு பக்கம். ஆரம்பத்தில் ஒருவர் இருமுகிறார், அது ஹாலமேதான், அப்போது நுரையீரலுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார், வேண்டுமென்றே அந்த இருமலை வெட்டாமல் விட்டிருக்கிறார். நடுவில் ஒரு மணி ஒலிக்கிறது, துறைமுகத்து மணி, ஆல்பத்தின் பெயரை நினைத்துக்கொள்ளவும். இப்படியெல்லாம் எழுதியிருக்கிறேன்.

"சார், பிரஷர் பாக்கணும். அந்தக் கைய இப்படிக் குடுங்க." தமிழரசி. டெக்னீஷியன். ஊசி குத்துவதில் இந்த ஆஸ்பத்திரியிலேயே கெட்டிக்காரி, குத்தும்போது தன் முகத்தைச் சுளித்துக்கொள்வாள், அவளுக்கு வலிப்பது போல. ஒரு காதிலிருந்து பாட்டைக் கழற்றுகிறேன். "எறங்கிருக்கு சார். தலை சுத்துதா?" இல்லை என்கிறேன். "சுத்துனா உடனே சொல்லிடணும், வாத்தியார்னு வீம்பு புடிச்சிட்டுக் கெடக்கக்கூடாது. அப்பிடி என்ன சார் பாட்டு, இவ்ளோ நேரமா?" இங்கிலீஷ் பாட்டும்மா. "சோகப் பாட்டா?" தெரியலைம்மா, என்கிறேன். அவள் சிரித்துவிட்டுப் பக்கத்துக் கட்டிலைத் தாண்டி அடுத்த கட்டிலுக்குப் போகிறாள். பக்கத்துக் கட்டில் காலி. தீபாவளி வரைக்கும் அதில் முசிறிக்காரர் ரத்தினவேல் படுத்திருந்தார், வாழைத்தோப்பு வைத்திருந்தவர், வாழைப்பழம் ஒன்று தின்ன முடியாமல் போய்விட்டதே என்று தினமும் புலம்புவார், பொட்டாசியம், கிட்னி போனவர்கள் தொடக்கூடாது. ஒருநாள் ஊசியைக் கழற்றிப் பஞ்சை அழுத்திக்கொண்டிருக்கும்போது என்னைப் பார்த்து, "போதும் வாத்தியாரே," என்றார். எதைச் சொல்கிறார் என்று கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. அடுத்த முறை வரவில்லை, அதற்கடுத்த முறையும் வரவில்லை, வீட்டிலே இருந்துகொண்டு ஒரு சீப்பு பழத்தையும் தின்றுவிட்டுத்தான் போனார் என்று அவர் மகன் வந்து சொன்னான். கொஞ்ச நாள் மூச்சு இழுத்ததாம். அதைக் கேட்டபோது எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, பொறாமை. பழத்தின் மேல் இல்லை, போதும் என்று சொல்ல முடிந்ததே, அதன் மேல். நான் அப்படிச் சொன்னால் ரெஜினா என்ன செய்வாள்? கூடையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி வாசலில் நிற்பாள், நான் செருப்பைப் போடுகிற வரைக்கும் நின்றுகொண்டே இருப்பாள். அவளிடம் போய் ஹாலமின் தொகுப்பில் பாட்டு வரவில்லை, அதனால் நான் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை என்று சொல்ல முடியுமா. சொல்லாமல் இருக்கவும் முடியாது. தண்ணீர் வேண்டும் போல் இருக்கிறது. வேண்டாம், நினைக்காதே, நினைத்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

பாட்டு மாறிவிட்டது. 'டின் க்ராஸ்' முடிந்துவிட்டது, இப்போது நடுவில் வந்த தொகுப்புகளுக்கென்று வாசித்துச் சேர்த்த உதிரிகள். தொகுப்புகளைப் பற்றி வழிகாட்டியில் காரமாகவே எழுதியிருக்கிறேன், ஐந்து தொகுப்பு, ஐந்திலும் அதே பாட்டுகள், பழைய சோற்றுக்குப் புது ஊறுகாய், அட்டையில் மட்டும் ஆளுக்கு வயதாகிக்கொண்டே போகும். ஆனாலும் வாங்கினேன். வாங்கினேன் என்றால் பாலக்கரையில் காஜா பாய் கடையில் பதிந்து வாங்கினேன். 'நியூ மூன் ரெக்கார்டிங்', ஆறடிக்கு ஆறடி அறை, சுவர் முழுக்க எல்பி தட்டுகள், ஒரு பெரிய டெக், ஒரு மைக், ஒரு ஸ்டூல். என்ன வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் பத்து நாளில் காலி கேசட்டில் பதிந்து கொடுப்பார், அட்டையில் பச்சை மையில் ஆல்பத்தின் பெயரை மட்டும் எழுதுவார், இங்கிலீஷ் எழுத்து வாழைப்பூ மாதிரி இதழ் இதழாக விரிந்திருக்கும். பாய்க்கு ஒரு பழக்கம். பழக்கம் என்ன, கொள்கை. பாட்டு முடிந்து கேசட்டில் டேப் மிச்சம் இருந்தால் அதை வெறுமனே விட மாட்டார், கையில் எது கிடைக்கிறதோ அதைப் போட்டு நிரப்பிவிடுவார். "மிச்சத்த வெறும் டேப்பா விடக்கூடாது தம்பி, பூஞ்சை புடிச்சிரும். சத்தம் ஏறுன டேப்ல பூஞ்சை ஏறாது," என்பார். இது எந்த விஞ்ஞானத்தில் இருக்கிறது பாய் என்று கேட்டால், என் அனுபவத்துல இருக்கு என்பார். எனக்கு ஒரு கேசட்டின் கடைசியில் நாகஸ்வரம் இருந்தது, இன்னொன்றில் கிரிக்கெட் வர்ணனை, பாதி ஓவரில் நின்றுவிடும், அவன் அவுட்டா இல்லையா என்று இன்றுவரை தெரியாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் இருந்தது. இப்போது பாயை ஏன் நினைத்தேன், பாய் செத்து எத்தனையோ வருஷம், கடை இருந்த இடத்தில் மொபைல் ஷோரூம். நினைக்காதே. இன்னும் 'பேப்பர் ஹார்பர்' வரவில்லை. அது வந்தால் கடைசியில் தானாக வரும்.

'பேப்பர் ஹார்பர்' கேசட்டை வாங்கிய அன்று பாய்க்கு ஒன்றும் தெரியாது. பாலக்கரை வழியாக நான் கல்லறைத் தோட்டத்திலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தேன், சட்டையெல்லாம் மண், "தம்பி, ஒங்க கேசட் ரெடி, வந்து வாங்கிட்டுப் போங்க" என்று கடையிலிருந்து கையைத் தட்டிக் கூப்பிட்டார், போய் வாங்கிக்கொண்டேன், வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் சொல்ல வேண்டுமே, அதற்குத் தெம்பில்லை. எங்கள் குழந்தை பிறந்து ஒரு வாரம்கூட இருக்கவில்லை. நர்ஸ் ஒருத்தி அவசரமாகக் குழாய்த் தண்ணீரை எடுத்து ஞானஸ்நானம் கொடுத்தாள், என்ன பேர், என்ன பேர் என்று அதட்டினாள், மரியா என்றேன், யோசித்து வைத்திருந்த பேர் வேறு. சவப்பெட்டியை நானே மடியில் வைத்துக்கொண்டுதான் போனேன், ஆட்டோவில். வீட்டில் ரெஜினா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பால் கட்டிக்கொள்ளாமல் இருக்க மல்லிகைப் பூவை மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள் பக்கத்து வீட்டுப் பெண்கள், அறை முழுக்க மல்லிகை வாசனை, கல்யாண வீடு மாதிரி, அந்த வாசனையை இன்றைக்கும் என்னால் தாங்க முடியாது, பஸ்ஸில் பூ வைத்த பெண் பக்கத்தில் நின்றால் இறங்கிவிடுவேன். ஆஸ்பத்திரியிலிருந்தே அவள் தூங்கவில்லை. கண்ணை மூடவே இல்லை. நான் செய்வதறியாமல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேசட்டைப் போட்டேன், நினைத்தால் கேவலமாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படித்தான் செய்தேன். பாட்டுகள் ஒன்றும் காதில் ஏறவில்லை. எல்லாம் முடிந்து கொஞ்சம் கரகரப்பு. யாரோ இருமினார்கள். பிறகு அது ஆரம்பித்தது. அவசரமே இல்லாமல், ஒரு சுரத்தை வாசித்துவிட்டு அது முழுசாக அடங்கும் வரைக்கும் காத்திருந்து அடுத்ததை எடுத்தார்கள். நான் எழுந்திருக்கப் போனேன், எதற்கென்று தெரியவில்லை, ஒயர் இழுத்து ஹெட்போன் பின் கழன்றுகொண்டது, சத்தம் அறைக்குள் வந்துவிட்டது. நிறுத்தப் போனவனை ரெஜினா தடுத்தாள். "இருக்கட்டும்." பிறகு சுவரைப் பார்த்தபடியே, "யாரு இது?" என்றாள். முடிஞ்சு போயிட்டான்னு எல்லாரும் சொன்ன ஆளு, என்றேன். ம் என்றாள். நடுவில் அந்த மணி வந்தது. அவள் மெதுவாக, "சோன்பப்டிக்காரன் போறான் பாருங்க," என்றாள். தூக்கக் கலக்கம். பாவம், தெருவில் வண்டி போகிறது என்று நினைத்துக்கொண்டாள். தெருவில் ஒரு வண்டியும் போகவில்லை, நான் ஜன்னல் பக்கம்தான் நின்றேன். பாட்டு முடிந்தபோது தூங்கியிருந்தாள், வாய் லேசாகத் திறந்திருந்தது. அவளுக்குத் தூக்கம் வந்ததே என்று நான் அழுதேன், குழந்தைக்காகக்கூட அதுவரை அழவில்லை. அதற்குப் பிறகு எங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. அந்தப் பாட்டை வீட்டில் சத்தமாகப் போட்டதும் இல்லை, அவள் இல்லாதபோது ஹெட்போனில் மட்டும் கேட்பேன், முணுமுணுக்கவும் மாட்டேன், வாயில் போட்டு எச்சில் படுத்தக் கூடாது என்று. காவிரியில் வெள்ளம் வந்த வருஷம் வீட்டுக்குள் தண்ணீர் ஏறிக் கேசட் எல்லாம் ஊறிப்போயிற்று. காயவைத்துப் பார்த்தேன், பூஞ்சை. சத்தம் ஏறின டேப்பிலும் ஏறத்தான் ஏறுகிறது பாய். அதிலிருந்து அந்தப் பாட்டு என் மண்டைக்குள் மட்டும்தான் இருக்கிறது.

'பேப்பர் ஹார்பர்' வந்துவிட்டது. முதல் பாட்டிலேயே உடம்பு சிலிர்க்கிறது, பாட்டுக்காக இல்லை, இது எங்கே போய் முடியும் என்பதற்காக. ஒவ்வொன்றாகப் போகட்டும். இரண்டாவதில் அந்தப் பெண் குரல் கூடவே வந்து அவனை அமுக்குகிறது, போகட்டும். மூன்றாவது. கெண்டைக்கால் இழுக்க ஆரம்பிக்கிறது, உடம்பில் சேர்ந்த தண்ணீரை வேகமாக எடுக்கிறார்கள் போலிருக்கிறது, நேற்று ரெண்டு டம்ளர் மோர் திருட்டுத்தனமாகக் குடித்ததற்கு இது கூலி, விரலை மடக்கி நீட்டு, தமிழரசியைக் கூப்பிட்டால் காதிலிருந்து கழற்றச் சொல்வாள், கூப்பிடாதே. ஆறாவது, ஏழாவது. இந்தப் பாட்டின் கடைசியில் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டே நிற்பான், விட மாட்டான், அது முடிந்ததும் ஒரு மௌனம், அந்த மௌனத்துக்குப் பிறகு கரகரப்பு, இருமல். இதோ பிடித்துவிட்டான். நிற்கிறான். நிற்கிறான். விட்டுவிட்டான். மௌனம். இடது கைக்குள் ரத்தம் ஓடுகிற அதிர்வு கேட்கிறது, டயாலிசிஸ் ஊசிக்காக ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்த இடத்தில் எப்போதும் விர்ரென்று ஒரு உறுமல் இருக்கும், தலையணையில் கையை வைத்துப் படுத்தால் ராத்திரி முழுக்க அதுதான் எனக்குப் பாட்டு. இருமு. தயவுசெய்து இருமு. டிரம்ஸ். அடுத்த ஆல்பம். 'ஹாஃப் எ லான்டர்ன்', முதல் பாட்டு. இல்லை, பொறு, இன்னும் இருக்கிறது, வெளிவராத பாட்டுகள் கடைசியில்தானே போட்டிருப்பார்கள், அந்தப் பாட்டு ஆல்பத்தில் இல்லாமல் இந்தியாவுக்கு மட்டும் அனுப்பியதாக இருக்கும், அதனால் அதை உதிரியில்தான் சேர்த்திருப்பார்கள், அதுதான் நியாயம். எனக்கு நானே வக்கீல், நானே நீதிபதி.

தமிழரசியே வந்துவிட்டாள். காலை அமுக்கிப் பிடித்து, "கல்லு மாதிரி இருக்கு, ஏன் சார் கூப்புடல? நாங்க எதுக்கு இருக்கோம்?" என்று திட்டிக்கொண்டே சலைனைத் திறந்துவிட்டாள், இழுப்பு கொஞ்சம் கொஞ்சமாக விட்டது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வலியில்தான். ஒரு காதில் அவள் திட்டு, இன்னொரு காதில் 'லான்டர்ன்' ஓடி முடிந்து வெளிவராத பாட்டுகள். முதலாவது இல்லை. இரண்டாவதும் இல்லை, யாரோ சிரிக்கிறார்கள், கண்ணாடித் தம்ளர் சத்தம். மூன்றாவது 'பேப்பர் ஹார்பர்' தலைப்புப் பாட்டுதான், வேறு மாதிரி வாசித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போட்டது, டிரம்ஸ் இல்லை, கிதார் மட்டும், ஆகா, கிட்டே வந்துவிட்டான், மெதுவாகத்தான் வாசிக்கிறான், நடுவில் நிறுத்தினான். மணி ஒலித்தது. நான் எழுந்தே உட்கார்ந்துவிட்டேன். "கை! கை அசையக்கூடாது சார்!" என்று தமிழரசி தோளை அமுக்குகிறாள். மணி திரும்ப ஒலிக்கிறது. கனமாக, ஒரு தரம் அடித்துவிட்டு நெடுநேரம் இருட்டுக்குள் போய்த் தேய்கிறது, மாதா கோயில் சாவு மணி மாதிரி, தூரத்தில் கடல். இதுதான் துறைமுகத்து மணி. துறைமுகத்து மணி இப்படித்தான் இருக்கும். இப்படித்தானே இருக்க முடியும். என் பாட்டில் வந்த மணி இது இல்லை. அது சின்ன மணி. கையால் கயிற்றைப் பிடித்து இழுத்து அடிக்கிற மணி, டிங் டிங் டிங் என்று மூன்று, நிறுத்தி மறுபடி மூன்று, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போகும், பாலக்கரையில் விளக்கு வைக்கிற நேரத்துக்கு தினம் போகுமே, கண்ணாடிக் கூண்டும் பெட்ரோமாக்ஸ் விளக்குமாக. சோன்பப்டி வண்டி.

சோன்பப்டி வண்டி. முப்பது வருஷம் அதைத் துறைமுகம் என்று நம்பி, இன்டர்நெட்டில் வேறு எழுதி, நான்கு தேசத்து ஆட்களைத் தலையாட்ட வைத்து, நுரையீரல் வைத்தியம் வேறு. இருமியது காஜா பாய். பீடி இருமல். அந்த இருமலை நான் கடை வாசலில் நின்று ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன், கேட்டும் தெரியவில்லை, தெரிந்துகொள்ள மனமில்லை. கேசட்டில் மிச்சம் இருந்திருக்கிறது, கடையில் மைக் இருந்தது, ஸ்டூல் இருந்தது, எவனோ கிதாரோடு வந்திருக்கிறான். யார்? கோயில் பாடகற்குழுவில் வாசிக்கிறவனா, பொன்மலையிலிருந்து வருகிற ரயில்வேக்காரனா, மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க, இந்தா கொஞ்சம் வாசி, மிச்சம் கெடக்கு என்று பாய் சொல்லியிருப்பார், அவனும் வாசித்துவிட்டு டீ குடித்துவிட்டுப் போயிருப்பான். ராத்திரி சாப்பிடும்போது அவனுக்கே மறந்திருக்கும். என்ன வாசித்தான் என்று அவனுக்குத் தெரியாது, யார் வாசித்தது என்று எனக்குத் தெரியாது. கேட்கலாம் என்றால் பாய் இல்லை, போட்டுக் காட்டலாம் என்றால் டேப் இல்லை. ஹாலம் முடிந்துதான் போயிருந்தான். முடிந்து போனவன் எவனும் எழுந்து வந்து எதுவும் வாசிக்கவில்லை, கூட்டம் கலைந்த பிறகு ஒரு மண்ணும் இல்லை, நாற்காலியை மடக்கி வைப்பார்கள், அவ்வளவுதான். இதைத்தான் நான் ரெஜினாவிடம் ஆறுதல் என்று கொடுத்தேன். இதை நம்பித்தான் கையை வெட்டித் தைத்துக்கொண்டேன், வாரத்துக்கு மூன்று நாள் இந்தக் கட்டிலில் ஏறினேன். சரி. பந்தயம் முடிந்தது. சனிக்கிழமை வேண்டாம். இப்போதாவது அந்தப் பாட்டை, அவன் யாராக இருந்தாலும், முழுசாக ஒருமுறை நினைத்துப் பார்த்துவிடலாம், ஹெட்போனைக் கழற்று, கண்ணை மூடு. கரகரப்பு. இருமல். முதல் சுரம். முதல் சுரம், அது, இல்லை, இது 'டின் க்ராஸ்', போ. மறுபடி. கரகரப்பு, இருமல், டிரம் மெஷின். போ என்கிறேன். மறுபடி. அந்தப் பெண் குரல் வருகிறது. மறுபடி. ஒன்றும் இல்லை. இவ்வளவு நேரம் வரிசை தப்பாமல் கேட்டேனே, அத்தனையும் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது, ஒரே டேப்பில் மேலே மேலே பதிந்தால் அடியில் இருப்பது அழிந்துபோகுமே, அப்படி. உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா. இருமல் இருக்கிறது, மணி இருக்கிறது, நடுவில் இருந்தது இல்லை. குழந்தை செத்ததற்குப் பிறகு இவ்வளவு பயம் எனக்கு வந்ததில்லை. வாயைத் திறந்து முனகிப் பார்க்கிறேன், முதல் தடவையாக, எதிர்க்கட்டில் அம்மாள் திரும்பிப் பார்க்கிறாள், வெறும் காற்று வருகிறது.

மெஷின் கூவுகிறது, நேரம் முடிந்தது. தமிழரசி ரத்தத்தையெல்லாம் திருப்பி உள்ளே அனுப்பிவிட்டு ஒவ்வொரு ஊசியாக உருவுகிறாள், முகத்தைச் சுளித்துக்கொள்கிறாள். ரெஜினா உள்ளே வந்துவிட்டாள். கூடையை ஸ்டூலில் வைத்துவிட்டுத் தன் கட்டைவிரலால் பஞ்சை அழுத்திப் பிடிக்கிறாள், இதை வேறு யாரிடமும் விட மாட்டாள், நர்ஸ் அழுத்தினால் பத்தாது என்பாள். "மூஞ்சி ஏன் இப்பிடி இருக்கு? வந்துச்சா அந்தப் பாட்டு?"

"வரலை."

"சரி விடுங்க."

"அது அந்த ஆளு வாசிச்சதே இல்ல ரெஜி. மணி வருமே. அது சோன்பப்டி வண்டிதான்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அதத்தான் நான் அன்னிக்கே சொன்னேனே."

"ஞாபகம் இருக்கா?"

"மறக்குமா?" என்றாள். விரலை எடுக்காமல், குனிந்து பஞ்சைப் பார்த்துக்கொண்டே, வாயைத் திறக்காமல் மூக்கால் முனக ஆரம்பித்தாள். அவளுக்குச் சுருதியே நிற்காது, பூசையில் பக்கத்தில் நின்று பாடினால் நான் நகர்ந்துகொள்வேன். ஆனால் அது அதுதான். ஒரு சுரம். அது அடங்கும் வரை காத்திருந்து அடுத்தது. அவசரப்படவே இல்லை. தமிழரசி பிளாஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நிற்கிறாள். அது மேலே ஏறும் இடம், ஏறி, திரும்பும் இடம், எல்லாம் இருக்கிறது அவளிடம், ஒன்று குறையவில்லை. "டிங் டிங் டிங்," என்றாள் ரெஜினா. அதோடு நிறுத்திவிட்டாள்.

"அப்புறம்?" என்றேன். "மிச்சம்?"

"மிச்சம் எனக்குத் தெரியாதுங்க. மணி அடிச்சதும் நான் தூங்கிட்டேன்ல."

பஞ்சை எடுத்துப் பார்த்தாள், ரத்தம் நின்றிருந்தது. தமிழரசி பிளாஸ்டரை ஒட்டிவிட்டு, "சனிக்கிழமை காலையில போடவா, மத்தியானம் போடவா சார்?" என்றாள். ரெஜினா கூடையை எடுத்துக்கொண்டு நின்றாள். மணிக்குப் பிறகு என்ன வந்தது என்று மறுபடி தேடிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. சனிக்கிழமைக்குள் வரும் என்று எனக்கு நம்பிக்கையும் இல்லை.

"காலையில," என்றேன்.